மூன்று கோயில் ஆடு

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. நாத்தனார் இரண்டைப் பெற்றுவைத்துவிட்டு மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அந்த இரண்டும் என் அடுப்பில்தான் தின்று வளர்ந்தன. ஆறில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை பாவம் என்று மூன்று கோயில்களிலும் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மூன்று இடத்திலும் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிறிஸ்தவளுக்கு எதற்கு மூன்று கோயில் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வேதப்புத்தகத்தில் பெரிய எழுத்தாக இருந்தால் விரல் வைத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. அவசரம் ஒன்றும் இல்லை, எனக்கு இப்போது வேலை என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் ரிட்டையர் ஆகும்வரை டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அப்போதெல்லாம் கோயில் என்றால் எங்களுக்கு டவுன்ஷிப் கோயில் ஒன்றுதான். வேலைக்காக வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர், நாகர்கோவில்காரர், தஞ்சாவூர்க்காரர், எங்கள் கடலூர்ப் பக்கத்து ஜனம் எல்லாரும் ஒரே கூரைக்குள் உட்கார்ந்து ஒரே பாட்டை நாலு ராகத்தில் பாடுவோம். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்; அவர் பிரசங்கத்தை நீட்டினால் செகண்ட் ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் எப்பேர்ப்பட்ட ஐயரும் ஆமென் சொல்லிவிடுவார். ஷிப்ட் பஸ்ஸுக்கு ஆண்டவரே காத்திருக்க வேண்டும், பஸ் அவருக்காகக் காத்திருக்காது.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்தில் வடக்குத்து என்கிற ஊரில் வீடு கட்டி வந்தோம். வந்த சில வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் மகன் வீட்டோடு இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து டவுன்ஷிப் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு பலாப்பழம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

பெரிய புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததே, அதற்கு அடுத்த வருஷம் என்று நினைவு. எங்கள் கொல்லையில் பிழைத்து நின்றது ஒரே ஒரு பலா. அது அந்த வருஷம் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு பெரிய பழம் காய்த்துப் பழுத்தது. கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை, விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைக்கிற நாள். மகன் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பழத்தைப் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு போய் இறங்கினேன். அங்கே பெண்கள் சங்கத்துச் செக்ரட்டரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஆபீசர் பெண்டாட்டி, திருநெல்வேலிப் பக்கம். பீடத்தைச் சுற்றி ஆப்பிள், ஆரஞ்சு, அன்னாசி என்று அடுக்கி, நடுவில் பூ மாதிரி ரிப்பன் கட்டியிருந்தாள். என் பழத்தைப் பார்த்ததும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, இது ரொம்ப வாசம் அடிக்கு. ஈ மொய்க்கும். வெளிய சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வச்சிருவோமே."

"ஏம்மா, அந்த ஆப்பிள் எல்லாம் எங்க வெளஞ்சுது? உங்க குவார்ட்டர்ஸ் பின்னாடியா?"

"அதுக்கில்லக்கா. டெக்கரேஷன் பாருங்க."

"வெளஞ்சதுதானே கொண்டாரச் சொல்லி வேதத்துல இருக்குது? கடையில வாங்கினதக் கொண்டான்னு இருக்குதா?"

அவள் சிரித்துக்கொண்டே பழத்தை இரண்டு வாலிபர்களிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டாள். ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன். டவுன்ஷிப்பில் அவிழ்த்துவிட்டு மேய்கிற மாடு ஒன்று என் பழத்தைப் பிளந்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் வண்டியில் ஏறும்போது மட்டும், இனி இந்தக் கோயில் படியை மிதித்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு. புதுப்புடவையை வேறு எங்கே போய்க் காட்டுவது?

அதற்குப் பிறகுதான் நான் மூன்று கோயிலுக்கு ஆள் ஆனேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு டயர் கடை மாடியில் ஜெபவீடு இருந்தது. வெள்ளைப் பேண்ட் வெள்ளைச் சட்டை போட்ட பாஸ்டர், டிரம், கீபோர்டு, கை தட்டு. உடம்புக்கு நல்லது, வாக்கிங் போகிற மாதிரி. என்னைக் கண்டால் "வாங்கம்மா, ஸ்தோத்திரம்மா" என்று காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். பாஸ்டர் ஜெபித்துத் தலையில் கை வைத்தால் எல்லாரும் பொத்தென்று பின்னால் விழுவார்கள். எனக்கும் வைத்தார். நான் விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஆறு பிள்ளைகளை இடுப்பில் சுமந்த உடம்பு, அதற்கெல்லாம் அசையுமா? கடைசியில் அவரே கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் சபையில் சேர்ந்துவிடலாம் என்று அடிக்கடி சொல்வார். இந்த வயதில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் பரலோகத்துக்கு முன்னால் நெஞ்சுச்சளி வரும் என்று நான் தட்டிக்கழித்தேன்.

மாதத்தில் ஒரு நாள் மாதா கோயில். எனக்கு மாதாவிடம் பேசுவது சுலபம். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்று, அது சொன்ன பேச்சுக் கேட்காமல் ஊர் சுற்றியதைப் பார்த்தவள்தானே. தேர்த்திருவிழாவுக்குப் போவேன், கஞ்சி ஊற்றினால் குடிப்பேன், மெழுகுவத்தி ஏற்றுவேன்.

என் மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் ஒழுங்கான பெண், எதையும் அதனதன் டப்பாவில் போட்டு வைப்பவள்.

"அத்தே, எங்கயாவது ஒரு எடத்துல மெம்பரா இருங்க. இப்பிடி நாளைக்கு ஒரு கோயில்னா எப்பிடி?"

"ஆண்டவரு வந்து நீ எந்தக் கோயில் மெம்பர்னு கேட்டுகினா இருக்கப் போறாரு? எல்லாம் அவரு வூடுதான்."

"அவரு கேக்க மாட்டாரு. மத்தவங்க கேப்பாங்க."

"கேக்கட்டுமே. ஒரு கடையில அரிசி, ஒரு கடையில பருப்பு வாங்கறதில்லையா?"

கிறிஸ்துமஸுக்கு மூன்று இடத்துக் கேக்கும் என் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு நான்தான் பங்கு கொடுப்பேன். அவள் மாரியம்மன் கும்பிடுகிறவள், வாயாடி, ஆனால் நல்லவள். "உங்க ஆளு ஒரே கோயில்ல ஒரு வேள கூழ் ஊத்துவாங்க, எனக்கு மூணு கோயிலு" என்று அவளிடம் வேண்டிய மட்டும் பீற்றிக்கொண்டேன்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. ஒரு நாள் துணி அலசிய தண்ணீரில் கால் வழுக்கி, கல்லின் மேல் விழுந்தேன். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் காலைக் கீழே ஊன்றக் கூடாது. வாசல் அறையில், கம்பிக் கதவுக்கு நேரே கட்டிலைப் போடச் சொன்னேன். வருகிறவர்கள் நேராக என்னைப் பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான்.

முதல் ஞாயிறு தலை பின்னி, இஸ்திரி போட்ட புடவை கட்டி உட்கார்ந்தேன். மருமகளை விட்டு நல்ல பிஸ்கட் வாங்கி வைத்தேன், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போடச் சொன்னேன். மூன்று கோயில் ஆட்களும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் நாற்காலி போதாதே என்று பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு வாங்கி வைத்தேன்.

ஒரு ஈ காக்கை வரவில்லை.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிஸ்கட்டைப் பேரப்பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். விஷயம் தெரியாமல் இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வடக்குத்தில் யார் வீட்டுக் கோழி முட்டையிட்டாலும் மந்தாரக்குப்பத்துக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்?

வந்தது பக்கத்து வீட்டுக்காரிதான். தினமும் வந்தாள். மாரியம்மன் கோயில் விபூதியைக் கொண்டுவந்து மாவுக்கட்டின் மேல் பட்டை போட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தடுக்கவும் மனம் இல்லை. என்னைத் தேடி வந்த ஒரே சாமி அதுதான். இரண்டு நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தவள் சும்மா போகவில்லை.

"என்னா ஆயா, மூணு கோயிலு மூணு கோயிலுன்னு பேசிகினு இருப்பீங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே?"

"வருவாங்கடி. எல்லாருக்கும் வேலை இருக்குமில்ல."

"எங்க மாமியா படுத்துகினு இருந்தப்ப ஒரே கோயிலு. பூசாரியிலருந்து தீமிதிக்கிறவன் வரைக்கும் வந்து ஒக்காந்துகினு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டான். காப்பி போட்டே என் கை தேஞ்சிது."

அவள் நாற்காலிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். எனக்குக் கால் வலித்ததைவிட அது வலித்தது. மரணம் வந்தால்கூட எனக்குப் பயம் இல்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோயில் ஆளும் வராமல் கட்டிலில் கிடப்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது ஒருவர், எந்தக் கோயிலாக இருந்தாலும் சரி, அவள் கண்ணில் படும்படி என் வாசலில் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு மகன் ஷிப்ட் முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். அவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அவன் அப்பாவைப் போல பெர்மனென்ட் ஆகவில்லை.

"ஏம்மா மொகம் தூக்கிவச்சிருக்க?"

சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"அம்மா, நீ காண்ட்ராக்ட் லேபர்ம்மா. மூணு காண்ட்ராக்டர்கிட்ட மாத்தி மாத்தி வேலை செஞ்சிருக்க. அடிபட்டா, எங்க ஆளு இல்லன்னு மூணு பேரும் கையக் காட்டுவான். எங்கள்ல எத்தனை பேருக்கு நடந்திருக்குது. அப்பா விழுந்தப்ப ஆம்புலன்சே வூட்டுக்கு வந்துதே, ஞாபகம் இருக்குதா? ஏன் வந்துது? பெர்மனென்ட்."

அவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டுச் சோற்றுக்குப் போய்விட்டான். எனக்கு விளையாட்டாக இல்லை.

மறுநாள் மானத்தை விட்டு, மந்தாரக்குப்பம் பாஸ்டருக்குப் போன் போட்டேன். கால் முறிந்ததைச் சொல்லவில்லை, சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவரே எடுத்தார். "கேள்விப்பட்டேன்ம்மா, ஜெபத்துல வச்சிருக்கோம். வரணும்னுதான் இருந்தேன். ஆனா நீங்க டவுன்ஷிப் சபை இல்லையா? நான் வந்தா அந்த ஐயர் என்ன நெனைப்பாரு? ஆட்டைத் திருடறேன்னு ஏற்கெனவே பேர் இருக்கும்மா எனக்கு." மாதா கோயில் உபதேசியார் தெருவில் மொபெட்டில் போனார். கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கேட்டேன். வண்டியை நிறுத்தாமலே, "நீங்க எந்த அன்பியம்மா? அன்பியத்துல சொன்னா அவங்க வந்து பாப்பாங்களே" என்றார். மாதா கோயிலில் பத்திருபது வீட்டைச் சேர்த்து ஒரு அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். நான் எந்த அன்பியத்திலும் இல்லை. டவுன்ஷிப் கோயிலுக்கு மட்டும் போன் போடவில்லை. கால் போனாலும் போகட்டும், அங்கே போட மாட்டேன்.

நான் செய்யாததை என் மருமகள் செய்தாள். எனக்குத் தெரியாமல் மூன்று இடத்துக்கும் போன் போட்டு, "அத்தைக்கு ரொம்ப முடியல, எப்ப வேணா என்ன வேணா ஆகலாம்" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு நான் கேட்டபோது, "நான் பொய்யா சொன்னேன்? எழுபது தாண்டினவங்களுக்கு எப்ப வேணா என்ன வேணா ஆகலாம்தானே அத்தே" என்றாள். ஒழுங்கான பெண் என்று சொன்னேன் அல்லவா, பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் சொல்வாள்.

அது சனிக்கிழமை மதியம். நான் கட்டிலில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் நின்றது. பின்னால் ஒரு மொபெட். அதன் பின்னால் இன்னொரு வண்டி. வெயிலுக்காகக் கம்பிக் கதவில் சாக்குப் படுதா கட்டியிருந்ததால் அவர்களுக்கு நான் தெரியவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, நீங்க மொதல்ல போங்க. உங்க சபை ஆத்துமாதானே." இது மந்தாரக்குப்பம் பாஸ்டர்.

"நான் இங்க மாத்தலாகி வந்தே கொஞ்ச நாள்தான் ஆச்சு. இவங்கள நான் பார்த்ததே இல்லையே. உங்க கூட்டத்துக்கு வர்றாங்கன்னு சொன்னாங்களே?" இது டவுன்ஷிப் கோயிலுக்குப் புதிதாக வந்த சின்ன வயது ஐயர்.

"வருவாங்க. நல்லா கை தட்டுவாங்க. ஆனா முழுக்கு எடுக்கலீங்களே."

"எங்க அன்பியத்துலயும் இல்லீங்க. கஞ்சி ஊத்துனா வருவாங்க." இது உபதேசியார்.

கஞ்சிக்கு வருவாங்களாம். ஆறு பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்தவளை! கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒருவேள கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னா… அடக்கம் யாரு பண்றது?"

 பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுப்போன பையைச் சுற்றி நிற்கிற மாதிரி மூன்று பேரும் நின்றிருக்க வேண்டும். நான் படுதாவுக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று கோயில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழம்பு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கும்போதே பேச்சு.

"என்ன, மூணு பேரும் ரேஷன் கட வாசல்ல நிக்க மாதிரி நிக்கிய? உள்ள போகலியா?"

செக்ரட்டரியம்மாள். அந்தக் குரலை நான் ஏழு சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கண்டுபிடிப்பேன்.

"இல்ல சிஸ்டர், இவங்க எந்தச் சபைன்னு…" என்று பாஸ்டர் இழுத்தார்.

"எந்தச் சபையா? என்ன கேள்வி இது? ஐயரே, இவிய நம்ம ஆளு. நாப்பது வருஷ ஆளு. பிள்ளைய எல்லாத்துக்கும் நம்ம ஆலயத்துலதான் ஞானஸ்நானம். வாயி மட்டும் எட்டு ப்ளாக்குக்குக் கேக்கும். ஆனா செத்தாலும் பொழச்சாலும் நம்ம தலையிலதான். தள்ளுங்க."

செத்தாலும் பொழைச்சாலும் நம்ம தலையில்தான். இதைவிட நல்ல ஆசீர்வாதத்தை எந்தப் பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை. ஆனால் அதை முகத்தில் காட்டுகிற ஆளா நான்? படுதாவை விலக்கி அவள் உள்ளே நுழைந்தபோது, ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து முள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "ஏக்கா! சீரியஸ்னு சொன்னாவ! நீங்க கருவாடு திங்கிய?"

"ஏன், சீரியஸா இருக்கறவ பட்டினி கெடக்கணுமா?"

"நான் பதறி அடிச்சு வந்தேன்! அடுப்புல பால வச்சிட்டு வந்திருக்கேன்!"

"மூணு வருஷமா பதறலையே. இப்ப என்ன திடீர்னு?"

"நீங்க கோவிச்சுட்டுப் போவிய, நான் வந்து கால்ல விழணுமா?"

"கால்ல விழ வேணாம். கால் ஒடஞ்சுதே, பாக்க வந்திருக்கலாமில்ல?"

"எங்கிட்ட யாரு சொன்னா? நீங்க மாதா கோயில் தேர் பின்னால மெழுகுவத்தி புடிச்சிட்டுப் போனதத்தான் எல்லாரும் சொன்னாவ. சரி, அவிய பாத்துக்குவாவன்னு இருந்தேன்."

"என் பழத்த மாட்டுக்குப் போட்டியே, அதுக்கு என்ன சொல்ற?"

"நானா மாட்ட அவுத்து விட்டேன்? நல்லாருக்கே கத!"

ஐயர் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன ஜெபம் பண்ணலாமா?"

"இருங்க ஐயரே" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

மதில் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பல். எனக்கு அந்த ஒன்றரை மாதத்தில் அத்தனை சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை. பேசப் பேசக் கால்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

சண்டை ஓய்ந்து, மருமகள் டீ கொடுத்து, மூன்று பேரும் மாறி மாறி ஜெபித்தார்கள். பாஸ்டர் எண்ணெய் தடவினார். உபதேசியார் பாட்டிலில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். ஐயர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ஏற்கெனவே மாவுக்கட்டில் விபூதி இருந்தது. எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள், எலும்பு கூடிவிட்டது.

அவர்கள் போன பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். ஜெபவீட்டில் மூன்று வருஷமாக ஒருவரும் என்னோடு சண்டை போட்டதில்லை. காற்றாடிக்குக் கீழே நாற்காலி, வாங்கம்மா போங்கம்மா. மாதா கோயிலிலும் அப்படித்தான், சிரித்துக்கொண்டே கஞ்சி ஊற்றுவார்கள். விருந்தாளியோடு யார் சண்டை போடுவார்கள்? அது நல்ல மரியாதைதான். ஆனால் விருந்தாளி ஒரு வாரம் வராவிட்டால், அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். டவுன்ஷிப் கோயிலில் மட்டும்தான் என் பழத்தை வெளியே வைக்கிற துணிச்சல் ஒருத்திக்கு இருந்தது. அவளைக் கேட்கிற துணிச்சல் எனக்கும் இருந்தது. ஆண்டவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், அதை நான் இப்போதும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவர் வந்து கட்டிலைத் தூக்க மாட்டார். அதற்கு ஆள் அனுப்புவார். அனுப்புகிறவருக்கு ஒரு விலாசம் வேண்டுமே.

அடுத்த முறை ஐயர் வந்தபோது நேராகக் கேட்டேன்.

"ஐயரே, நான் மறுபடி வந்து சேரணும்னா என்ன வழி?"

"உங்கள யாரும் நீக்கலையேம்மா."

"நீங்க நீக்கல. நானாதான் போனேன். அதும் சத்தம் போட்டுட்டுப் போனேன். சத்தம் போட்டுட்டுப் போனவ கொல்லப்பக்கமா பூந்து வர முடியுமா?"

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். "அப்ப ஒரு ஞாயிறு சபைக்கு முன்னாடி வந்து நில்லுங்க. சபையாரைக் கேட்டு ஏத்துக்கறோம்."

 சபைக்கு முன்னாலா? அத்தனை பேர் பார்க்க, தடியை ஊன்றிக்கொண்டு, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிற்பதா? பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். கட்டுப் பிரித்தார்கள், நடக்க ஆரம்பித்தேன், அப்போதும் பார்க்கலாம் என்றே இருந்தேன். ஒரு நாள் மருமகள் ஐயரோடு போனில் பேசிவிட்டு வந்து, செக்ரட்டரியம்மாள் அவரிடம் இப்படிச் சொன்னாளாம் என்றாள்: "அவிய வர மாட்டாவ. அவியளுக்கு மூக்கு வானத்துல இருக்கு."

அந்த வாரமே போனேன்.

ஆராதனை நடுவில் ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சிலிருந்து பீடம் வரைக்கும் அத்தனை தூரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தடி தரையில் தட்டுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஐயர் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சபையின் ஆராதனையிலும் ஐக்கியத்திலும் நிலைத்திருப்பீர்களா?" இருப்பேன் என்றேன். "சபையின் ஒழுங்குக்குக் கீழ்ப்படிவீர்களா?"

ஆண்டவர் சந்நிதியில் நின்றுகொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"வாய் கீழ்ப்படியாது, ஐயரே. மத்ததெல்லாம் கீழ்ப்படியும்."

கோயிலே சிரித்தது. ஐயர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார்: "இவர்களை உங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்கிறீர்களா?"

சிரிப்பு நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் இருக்கும், யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வயதுக்குள் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஜன்னி கண்டதைப் பார்த்திருக்கிறேன், புயலில் கூரை ஓடு பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மூச்சில் பயந்த மாதிரி பயந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் இந்தத் தூரத்தை எப்படித் திரும்ப நடப்பேன் என்று இருந்தது.

"ஏத்துக்கிடுதோம்" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. புத்தகத்தில் இருக்கிறபடி சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. அதன் பின்னால்தான் மற்ற எல்லாரும் "ஏற்றுக்கொள்கிறோம்" என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "இனிமே வடக்குத்துக்கும் வீட்டு ஜெபம் வப்போம். மாசம் ஒண்ணு, உங்க வீட்டுல. ஆனா டீயில சீனி கொஞ்சம் கொறைங்க, அன்னிக்குப் பாயாசம் மாதிரி இருந்துது."

"உனக்கு வேணும்னா தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

நான் எழுதியது இவ்வளவுதான். இது அவள் கைக்குப் போனால் கோபம் வரும். வரட்டும், அடுத்த வீட்டு ஜெபத்தில் பேசித் தீர்த்துக்கொள்வோம். என் எழுத்து எனக்கே சில இடத்தில் புரியவில்லை. பேரப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். கண்ணு, அந்தப் போனைக் கீழே வச்சிட்டு இங்க வா. ஆயா எழுதினத மொதல்லருந்து சத்தமாப் படி. எங்க தப்பு இருந்தாலும் திருத்திக்கோ, அவ பேசின எடத்துல மட்டும் கை வைக்காத.